கரடி வாசனை அடித்த மரம்

ஒரு காட்டில் அறிவாளிகளுக்குக் குறைவே இல்லை, குழந்தைகளே. தண்ணீருக்குத்தான் குறை. மேகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. காட்டின் நடுவே இருந்த குளம் வற்றி, வெடித்த சேறாகக் கிடந்தது. விலங்குகள் காலையில் எழுந்ததும் கரைக்கு வரும், தண்ணீர் இல்லை என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளும், பிறகு நிழல் பார்த்துப் படுத்துவிடும்.

அந்தக் கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. சொல்மரம் என்று அதற்குப் பெயர். அடி முதல் உச்சிக்கிளை வரை பட்டையெல்லாம் கீறல்கள். காட்டுக்கு அப்பால் நிற்கும் பெரிய மலை முன்னொரு காலத்தில் பேசியது என்றும், அதைக் கேட்ட விலங்குகள் கேட்டதை மரத்தில் பதித்து வைத்தன என்றும் காட்டில் ஒரு நம்பிக்கை. யானை ஒன்று தந்தத்தால் கீறியிருந்தது. கரடி நகத்தால், முள்ளம்பன்றி பல்லால், மரங்கொத்தி அலகால். "குளம் வற்றும்போது என்னிடம் வா. என் அடியில் உனக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன்." மலை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

சாரம்தான் இவ்வளவு. மரத்தில் இன்னும் என்னென்னவோ இருந்தன. யானை, வழியைச் சொல்வதற்கு முன்னால் தன் அம்மா யார், அம்மாவின் அம்மா யார் என்று ஒரு கிளை நீளத்துக்கு வம்சம் பாடியிருந்தது. கரடி நடுநடுவே உட்கார்ந்து அழுதிருந்தது. முள்ளம்பன்றிக்குக் கோபம் அதிகம், தன் பேச்சைக் கேட்காதவர்களை எல்லாம் வரிசையாகத் திட்டியிருந்தது. மரங்கொத்தி சொன்னதையே திரும்பத் திரும்பக் கொத்தி வைத்திருந்தது.

இந்த மரத்துக்குக் காவல் ஓர் உடும்பு. காவல் என்றால் யாரும் வைத்த காவல் இல்லை, அதுவாக ஏறிப் பிடித்துக்கொண்டது. உடும்பு பிடித்தால் விடுமா?

"இந்த மரத்துல எந்த மிருகத்தோட காலும் கையும் பட்டதே கிடையாது. மலையே நேரா வந்து கீறிச்சு. வேணும்னா மோந்து பாருங்க, ஒரு வாசனையும் இருக்காது" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லும்.

வாசனை எப்படி இருக்கும்? தினமும் விடிந்ததும், பக்கத்து வேப்பங்கிளையில் எட்டிப் பறித்த இலையைக் கொண்டு பட்டையைத் தேய்ப்பதுதானே உடும்பின் முதல் வேலை. தேய்த்ததில் சில கீறல்களும் மங்கிப் போயின. உடும்பு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அது மரத்தைப் படிப்பதில்லை, பிடித்துக்கொள்வதோடு சரி.

அதே காட்டில் ஒரு நரி இருந்தது. அதன் மூக்குக்குக் காடு முழுக்க மரியாதை. விலங்குகள் உலகத்தில் மூக்கு சொன்னால் மறுபேச்சு கிடையாது, தெரியுமா? கண்ணால் கண்டதைக்கூட மூக்கிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள். காட்டிலேயே பெரிய மூக்கு நம் நரியுடையது என்பதால், காட்டிலேயே பெரிய அறிவும் தன்னுடையதுதான் என்று நரி முடிவு செய்திருந்தது.

குளம் வற்றிய கவலையில் எல்லாரும் சொல்மரத்தடியில் கூடினார்கள். நரி முன்னால் வந்தது. வேப்பிலை வாசனையை ஒரு தும்மலில் தள்ளிவிட்டு மரத்தை முகர்ந்தது.

"கரடி" என்றது. "சந்தேகமே வேண்டாம். அதுவும் தேன் தின்னுட்டு வாயைத் துடைக்காத கரடி."

இன்னும் கீழே குனிந்து முகர்ந்தது. "இது முள்ளம்பன்றி. குளிச்சு ரொம்ப நாளாச்சு போல."

பின்னங்காலில் எழுந்து நின்று முகர்ந்தது. "மேல யானை. ஆக, மரம் பூரா மிருக வாசனை. மலை வாசனை ஒரு இடத்துலயும் இல்ல. இதெல்லாம் உங்களை மாதிரி என்னை மாதிரி ஆளுங்க கீறினது. மலை பேசிச்சுன்னு இத்தனை நாளா நம்ம காதுல பூ சுத்தியிருக்காங்க."

"அடேங்கப்பா, என்ன மூக்கு" என்று காட்டுப்பன்றி வியந்தது. அதற்கு வியப்பதுதான் தொழில்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு நின்றுகொண்டிருந்தது. அது மெதுவாகக் கேட்டது. "நரியண்ணே, மலை வாசனை எப்படி இருக்கும்?"

நரி மூக்கை நிமிர்த்திக்கொண்டது. "அது... இப்படி இருக்காது" என்றது.

கூட்டம் தலையாட்டியது. மேலிருந்து உடும்பு சீறியது. "பொய். கரடி வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் மூக்குல கோளாறு."

"அப்படியா உடும்பு மாமா? இதுக்குப் பதில் சொல்லுங்க. தண்ணி இருக்கிற இடத்துல ரெண்டு கல் நிக்குதுன்னு யானை கீறியிருக்கு. ஒரு கல்லுதான்னு முள்ளம்பன்றி கீறியிருக்கு. மலைக்கு எண்ணத் தெரியாதா?"

உடும்பு கண்ணை மூடித் திறந்தது. "ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி?"

"கேக்கக் கூடாது."

வாதம் சூடு பிடித்தது. வாசனை உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட பிறகும் இரண்டு கட்சியும் பேச்சை நிறுத்தவில்லை. பேசுவதற்கு மட்டும் எங்கிருந்துதான் எச்சில் ஊறியதோ.

மானுக்கு எந்தக் கட்சியிலும் சேர நேரமில்லை. அதன் மடியில் பால் வற்றிவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, இப்போது முட்டுவதையும் நிறுத்தியிருந்தது. மானின் கால்களில் மிச்சமிருந்த பலம் ஒரே ஒரு நடைக்குத்தான் காணும். மலைக்குப் போய் அங்கே தண்ணீர் இல்லையென்றால் திரும்பி வர முடியாது. போகாமல் இங்கேயே இருந்தால் குட்டி பிழைக்காது.

அதனால் மற்றவர்கள் மரத்தை முகர்ந்துகொண்டிருந்த நேரத்தில், மான் அதைப் படித்தது. அடியிலிருந்து மேலே, முள்ளம்பன்றியின் திட்டு, யானையின் வம்சம் எல்லாவற்றையும் விடாமல் படித்தது. கரடியின் இடம் வந்ததும் நின்றுவிட்டது.

"அண்ணே, இதைப் படிச்சீங்களா?" என்று நரியைக் கேட்டது. "'பசியோடு வந்த ஒரு குட்டியின் தேனை நான் பறித்துத் தின்றேன். மலை என்னைக் கூப்பிட்டது. வெட்கப்பட்டுப் புதரில் ஒளிந்துகொண்டேன்' அப்படின்னு இருக்கு."

"கரடி கீறினதுல படிக்க என்ன இருக்கு? மோந்தாச்சே."

"எந்தக் கரடியாவது தன்னைப் பத்தி இப்படிச் சொல்லிக்குமா? நாம யாராவது சொல்வோமா? கரடி சொந்தமா எழுதியிருந்தா, தான் எவ்வளவு பெரிய கரடின்னுதானே எழுதியிருக்கும்?"

நரி பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது. அது தன்னைப் பற்றி ஒரு மரத்தில் எழுதினால் என்ன எழுதும் என்று காட்டுக்கே தெரியும்.

"இன்னொண்ணு அண்ணே. யானை இருந்த காலத்துல கரடி பொறக்கல. கரடி செத்து எவ்வளவோ காலம் கழிச்சுத்தான் முள்ளம்பன்றி வந்துச்சு. குணத்துல ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. ஆனா எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுது."

"ஒண்ணைப் பாத்து ஒண்ணு காப்பி அடிச்சிருக்கும்."

"இருக்கலாம். நான் போய்ப் பாத்துடுறேன்."

மான் குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு புறப்பட்டது.

"போகாதே" என்று உடும்பு கத்தியது. "நம்புறதா இருந்தா இங்கேயே மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இரு. போய்ப் பாக்குறது நம்பிக்கை இல்லாதவங்க வேலை."

நரியும் மானின் பின்னாலேயே கிளம்பியது. மான் ஏமாந்து நிற்பதைக் கண்ணால் பார்த்து வந்து கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒரு காரணம். வழியில் குட்டி விழுந்தால் வீணாகப் போய்விடக் கூடாதே என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை அது யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் காய்ந்தது. யானை சொன்ன கரும்பாறைச் சரிவு வந்தது. கரடி சொன்ன முள்காடு வந்தது. ஆனால் மரங்கொத்தி சொன்ன நாவல் மரத்தைக் காணோம்.

"பாத்தியா, நாவல் மரம் இல்ல" என்று நரி உற்சாகமாகச் சொன்னது. கால் வலியெல்லாம் அதற்குப் பறந்துவிட்டது.

மான் நின்று பார்த்தது. பட்டுப்போய் விழுந்ததா, மரங்கொத்தி இடம் மாற்றிச் சொன்னதா, தெரியவில்லை. அதற்கு விடை மானிடம் இல்லை. சற்று நேரம் நின்றுவிட்டு மேலே நடந்தது.

அதற்குள் குட்டி இரண்டு தடவை விழுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நரி கொஞ்சம் நெருங்கி வந்தது. மான் குட்டியை நக்கி நக்கி எழுப்பியது. மானுக்குப் பயம் இல்லாமல் இல்லை. நரி சொன்னதுதான் சரியென்றால், பெற்ற பிள்ளையைச் சாவுக்கு நடத்திக்கொண்டு போகிறவள் நான்தான் என்று அது நினைத்தது. நினைத்தபடியே நடந்தது.

மலையடிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே கல் நின்றது.

"ரெண்டு" என்றது நரி, எடுத்த எடுப்பில். "முன்னால ஒண்ணு, அதுக்குப் பின்னால ஒண்ணு. முள்ளம்பன்றி புளுகியிருக்கு. அதோட தண்ணியும் இல்ல பாரு."

தண்ணீர் இல்லைதான். கல்லடியில் காய்ந்த மணல் கிடந்தது. குட்டி அந்த மணலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. நரி ஓர் அடி முன்னால் வைத்தது.

"'வந்து பார்த்துவிட்டுத் திரும்பாதே, தோண்டு' அப்படின்னு இருந்துச்சு" என்றது மான்.

"யார் சொன்னது?"

"மரங்கொத்தி. திரும்பத் திரும்பச் சொல்லியிருந்துச்சு."

மான் முன்னங்குளம்பால் மணலைப் பறித்தது. மணல். இன்னும் பறித்தது. மறுபடியும் மணல். குளம்பு பிளந்து ரத்தம் கசிந்தது. நரி வாயை நக்கிக்கொண்டு குட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மான் அழுதுகொண்டே தோண்டியது.

அப்புறம் மணலின் நிறம் மாறியது. ஈரம் தட்டியது. பள்ளத்தின் அடியில் கலங்கலாக ஊறி, மெல்ல மேலே ஏறி வந்தது தண்ணீர்.

மான் குட்டியின் வாயை இழுத்து அதில் வைத்தது. குட்டி முதலில் அசையவில்லை. பிறகு அதன் தொண்டை ஏறி இறங்கியது. மான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது, தான் குடிக்க வேண்டும் என்பதே அதற்கு நினைவில்லை.

நரிக்கு நாக்கு தொங்கியது. ஆனாலும் மூக்கு மூக்குதானே. குனிந்து முகர்ந்தது.

"மண் வாசனை அடிக்குது" என்றது. "மலை குடுத்த தண்ணின்னா மேலேருந்துல்ல வந்திருக்கணும். இது வெறும் மண்ணுத் தண்ணி."

மான் நிமிர்ந்தது. அன்று முழுவதும் அது கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

"மழைத் தண்ணி வேற எந்த வழியா அண்ணே கிணத்துக்கும் ஊத்துக்கும் வருது? மண்ணு வழியாத்தான் வருது. வந்த வழியோட வாசனை அதுல இருக்கத்தான் செய்யும். அதுக்காக மேலேருந்து பெய்யலன்னு ஆயிடுமா? குடிக்கிறதா இருந்தா குடிங்க. இல்லன்னா தள்ளி நில்லுங்க, பிள்ளைக்கு இடைஞ்சலா இருக்கு."

நரி குடித்தது. எப்படிக் குடித்தது என்கிறீர்கள்? தலையை உள்ளே விட்டு, மூக்கு முழுக முழுகக் குடித்தது. மூக்கு முழுகிவிட்டதால் வாசனை பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

குடித்த களைப்பில் அப்படியே மணலில் மோவாயை வைத்துப் படுத்தது. படுத்தவாறே கண்ணை உயர்த்திப் பார்த்தது. ஒரே ஒரு கல்தான் தெரிந்தது. திடுக்கிட்டு எழுந்து பார்த்தது. இரண்டு கல். மறுபடி படுத்து, முள்ளம்பன்றியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்த்தது. ஒரு கல். முன்னால் நின்ற கல் பின்னால் இருந்ததை முழுக்க மறைத்திருந்தது. நரி சுற்றும் முற்றும் பார்த்தது. இந்த விஷயத்தை அது கடைசி வரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மான் காட்டுக்குத் திரும்பி வந்து எல்லாரையும் கூப்பிட்டது. குட்டி அதன் முன்னால் துள்ளி ஓடியதைப் பார்த்ததும் யாரும் எதையும் முகர்ந்து பார்க்க நினைக்கவில்லை. எல்லாரும் எழுந்து நடந்தார்கள். முன்னால் நரி நடந்தது. ஊற்றைத் தன் மூக்குத்தான் கண்டுபிடித்தது என்று அது சொல்லிக்கொண்டே போனது. "அடேங்கப்பா" என்றபடி காட்டுப்பன்றி பின்னால் போனது.

உடும்பு மட்டும் இறங்கவில்லை. கண் உள்ளே போய், தோல் சுருங்கி, மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தது.

"நான் சொன்னேன்ல?" என்று மானிடம் கேட்டது. குரலே எழும்பவில்லை. "மலை சொன்னது பலிச்சுதுல்ல? இப்பவாவது ஒத்துக்கோ. இந்த மரத்துல கரடி வாசனை இல்லைதானே?"

மான் மரத்தின் பக்கத்தில் வந்து, பட்டையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து முகர்ந்தது.

"அடிக்குது மாமா. நல்லாவே அடிக்குது. தண்ணியும் அங்கதான் இருக்கு. இறங்கி வாங்க, குடிக்கலாம்."

உடும்பு ஒருமுறை மலைப் பக்கம் பார்த்தது. பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, ஒவ்வொரு நகமாகப் பிடியை விட்டது.

நீதி: சொல்லைச் சுமந்து வந்தவரின் வாசனை சொல்லில் இருக்கத்தான் செய்யும், அதை மறைக்கவும் வேண்டாம், அதைக் காட்டிச் சொல்லைத் தள்ளவும் வேண்டாம். நடந்து போய்க் குடித்துப் பார்.