ஆறு கையும் ஆறு சித்தமும்

ராஜாவும் இருந்தார், ரேடியோவும் வந்துவிட்டது. அப்படி ஒரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலக்கரை ராஜா மழவராயருக்கு அந்தியில் ரேடியோவில் நாயனம் கேட்காவிட்டால் சோறு இறங்காது.

அருவியிலிருந்து வந்த மின்சாரமோ மதம் பிடித்த யானை. அப்படியே உள்ளே விட்டால் ரேடியோ சாம்பல். அதற்காக நல்லடியான் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தான். அரண்மனையில் விகடம் பேசுகிறவனும் அவன்தான், விசை பார்க்கிறவனும் அவன்தான். பெட்டிக்குள் ஆறு கை. கை என்றால் விசைதான். முறை போட்டுக்கொண்டு ஒன்று மாற்றி ஒன்று திறந்து மூடும். யானையைத் துண்டு துண்டாக வாங்கிப் பசுமாடாக்கி அனுப்பும்.

பிரதானி செண்பகராமருக்கு ஒழுங்கு என்றால் உயிர். ராஜா வாயை மூடியதும் சேவகன் தடியைத் தட்டுவான். உடனே ஆறு மந்திரிகளும் ஒரே மூச்சில் "சித்தம்" என்பார்கள். பிந்தினவருக்கு அன்று தாம்பூலம் கிடையாது. பிரதானி பெட்டிக்கும் அதே மாதிரி ஓர் உத்தரவு போட்டார்: கைகள் ஒரே வேகத்தில்தான் அடிக்கணும், இம்மி பிசகக்கூடாது. நல்லடியான் வேண்டாமென்றான். யார் கேட்டது?

அன்றுமுதல் நாயனத்துக்கு மேலே "கீ" என்று ஒற்றைக் கீச்சு. நாயனமே கெட்டது.

ராஜா நல்லடியானைக் கூப்பிட்டார். "நாளை அந்திக்குள் அந்தக் கீச்சு போகணும். பெட்டியை நிறுத்தக்கூடாது, ஒரு கையையும் கழற்றக்கூடாது. முடியலைன்னா பெண்டு பிள்ளையோட எல்லை தாண்டிடு."

மறுநாள் அந்தியில் நாயனம் தேனாய் வந்தது. அடியில் தூரத்து மழை மாதிரி மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். ஆனால் பிரதானி முன்னாடியே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்.

"மகாராஜா, இவன் உத்தரவை மீறிட்டான். கைகள் கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெதுவுன்னு கள்ளுக்கடையிலேருந்து வர்ற மாதிரி நடக்குது."

"நிஜமா நல்லடியா?"

"நிஜம்தான் மகாராஜா. மந்திரிமார் ஒரு தரம் சித்தம் சொல்லட்டும்."

தடி தட்டியது. "சித்தம்." உத்தரத்துப் புறாவெல்லாம் பறந்தது.

"இப்போ தடி வேண்டாம். அவரவர் குரல்ல, அவரவருக்குத் தோணும்போது சொல்லட்டும்."

சொன்னார்கள். சந்தை முணுமுணுப்பு மாதிரி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்த புறாக்களில் ஒன்றுகூட அசையவில்லை.

"அதேதான் மகாராஜா. கைகள் அடிக்கிற சத்தம் எங்கேயும் போகலை. ஒரே இடத்துல குத்தினதை நாலா பக்கமும் தூவிவிட்டேன். காதைக் குத்த எதுவும் மிஞ்சலை."

அந்நேரம் பார்த்து பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கை நின்றுவிட்டது.

பிரதானிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா, ஒருத்தன் படுத்துட்டான். அடிச்சு ஓட்டச் சொல்லுங்க."

"ஐயா, அது சோம்பல் இல்லை. உடம்பு சுட்டுப்போச்சு. அதுக்கு மேலேயும் அடம் பிடிச்சா தானும் எரியும், ரேடியோவையும் எரிக்கும். அதான் 'என்னால ஆகாது'ன்னு விளக்கேத்திச் சொல்லிட்டுத் தானே ஒதுங்கிடுச்சு. பாரத்தை மத்த அஞ்சும் பங்கு போட்டுக்கிச்சு. நாயனம் நின்னுதா பாருங்க."

நிற்கவில்லை. ராஜா மலைத்துப்போனார். பெட்டியைப் பார்த்தார், மந்திரிகளைப் பார்த்தார்.

"ஏன் பிரதானி, நம்ம சபையில் என்னால ஆகாதுன்னு தானே ஒதுங்கினவர் ஒருத்தராவது உண்டா?"

ராஜா வாயை மூடினார் அல்லவா? பழக்க தோஷம், சேவகன் தடியைத் தட்டிவிட்டான்.

"சித்தம்" என்றார்கள் ஆறு பேரும், ஒரே மூச்சில். புறாக்களெல்லாம் மறுபடி பறந்தன.

நல்லடியான் கைகட்டி நின்றான். "மகாராஜா, பெட்டிக் கீச்சுக்குத்தான் நான் பொறுப்பு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் சேவகன் கையிலிருந்த தடியை வாங்கி, வெந்நீர் அடுப்புக்கு அனுப்பிவைத்தார்.