குதிரைக்கு முளை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் குதிரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில், மருதங்கோட்டைச் சீமையைச் செண்பகவர்மன் என்று ஒருவர் ஆண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மத்தியான வெயிலைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லி ஜோசியரை மிரட்டியவர் அவர்.

அவருக்கு நீலவேணி என்று ஒரு பெண்குதிரை. இளவரசராக இருந்தபோது தினமும் விடியற்காலையில் அவரே அவளை ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போவார். பனி காயாத அறுகம்புல்லை அவள் மேய்வாள், அவர் பக்கத்தில் மல்லாந்து கிடப்பார். அந்த மாதிரிக் காலைகள் ஒருவருக்கு எத்தனை வாய்த்துவிடும்? அப்புறம் கிரீடம் வந்தது, கூடவே வேலையும் வந்தது. லாயத்துப் பக்கம் எட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லாமல் போயிற்று.

பிறகு இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. ஆறு மணலாகிவிட்டது, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சை இல்லை. லாயத்தில் கொள்ளு பிடியளவுதான், மீதி வைக்கோல்தான். நீலவேணிக்கோ வயசாகிப் பாதிப் பல் போய்விட்டது, வைக்கோலை மென்று மென்று துப்பினாள். ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடி, பள்ளத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள்.

சேதி கேட்டு ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். “குதிரைக்கு முளை வேண்டும்! இன்றே ஆகட்டும். எட்டு நாள் கழித்து நான் வந்து பார்ப்பேன். அவள் லாயத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லாயத்து ஆட்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட வேண்டும்.”

லாயத்துக்குத் தலைவர் தளகர்த்தர் அரங்கமல்லர். மீசையைத் தடவுவதே அவருக்குப் பாதி உத்தியோகம். அங்கே குதிரைகளுக்குக் கொள்ளு அவித்துப்போடும் ஒச்சாயியைக் கண்டால் அவருக்கு ஆகாது. குதிரைக்கு ஒன்றென்றால் வீரர்கள் அவரைத் தாண்டிப்போய் அவளிடம் கேட்பார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

மல்லர் கொல்லரை வரவழைத்து, இடுப்பளவு இரும்பு முளை ஒன்றைத் தரையில் அடித்து, நீலவேணியை அதில் இறுக்கிக் கட்டினார். “இனி யானை இழுத்தாலும் அசையாது” என்றார்.

ஒச்சாயி தன் வேலையைப் பார்க்கப் போனாள். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்ட கை அவளுடையது. கொள்ளையும் கம்பையும் ஊறவைத்து, முளை கட்டி, மூங்கில் தட்டுகளில் பரப்பி இருட்டறையில் வைத்தாள். வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தாள், முளை எழும்பியதும் பச்சை பிடிக்க வெளிச்சத்தில் எடுத்துவைத்தாள். அதுவரை நீலவேணிக்குக் கஞ்சிதான். அவளும் அதை நாலு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வாள்.

எட்டாம் நாள் ராஜா பரிவாரத்தோடு லாயத்துக்கு வந்தார். மல்லர் முந்திக்கொண்டார்.

“மகாராஜா, பாருங்கள். ஓர் அடி நகரவில்லை.”

“எலும்பெல்லாம் தெரிகிறதே. சாப்பிட்டாளா?”

“நகரக்கூடாது என்றுதான் உத்தரவு. சாப்பிட வேண்டும் என்று உத்தரவில்லையே.”

ராஜாவின் முகம் போன போக்கைப் பார்த்து மல்லர் பேச்சைத் திருப்பினார். “குற்றம் இந்த ஒச்சாயியுடையது. ஜனங்கள் பட்டினி கிடக்கும் நேரத்தில் அரண்மனைத் தானியத்தைத் தண்ணீரில் போட்டு அழுகவிடுகிறாள். உத்தரவுக்கும் கீழ்ப்படியவில்லை.”

“உண்மையா, ஒச்சாயி?”

“தானியத்த எடுத்தது உண்மை மகாராசா. கீழ்ப்படியலேங்கிறது பொய்யி. அன்னிக்கி நீங்க என்ன வேணும்னு சொன்னீக?”

“முளை.”

“அதத்தான் கொண்டாந்திருக்கேன்” என்று அவள் தட்டின் மேலிருந்த துணியை விலக்கினாள்.

சாண் உயரத்துக்குத் தளதளவென்று பச்சை. இரண்டு வருஷமாக ஒருவரும் பார்க்காத நிறம். பரிவாரமே கழுத்தை நீட்டியது.

“நான் சொன்னது குச்சி முளையை” என்றார் ராஜா.

“தெரியும் மகாராசா. ஆனா இவ கொழுப்பெடுத்தா ஓடுனா? பசிச்சுல்ல ஓடுனா. வயித்துக்கு முளை போட்டா காலுக்கு முளை எதுக்கு? ஒரு கூடைத் தானியம் போட்டேன், ஆறு கூடைத் தீவனமா நிக்கிது. அவிழ்த்துவிட்டுப் பாருங்க. ஓடுனான்னா, மொத ஆளா நான் எல்லையத் தாண்டுறேன்.”

ராஜாவே முடிச்சை அவிழ்த்தார். லாயத்துக் கதவை அகலத் திறந்தார்கள். நீலவேணி வாசல்வரை போனாள். மல்லர் மீசைக்குள் சிரித்தார். அவள் நின்றாள், மூக்கை விடைத்து மோந்தாள், மெதுவாகத் திரும்பி வந்து தட்டில் வாயை வைத்தாள். பாதிப் பல் போன வாய்க்கும் இளமுளை பதமாக இருந்தது. வேரோடு இழுத்து இழுத்துத் தின்றாள்.

ராஜா மல்லரைப் பார்த்தார். “தளகர்த்தரே, நாளையிலிருந்து லாயத்துக் குதிரை அத்தனைக்கும் முளைத்தட்டு. தண்ணீர் தெளிக்கும் வேலை உம்முடையது. கூடினால் அழுகும், குறைந்தால் காயும். அளவை ஒச்சாயி சொல்லித்தருவாள்.”

மல்லரின் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

“உனக்கு என்ன வேண்டும், ஒச்சாயி? கேள்.”

“கேட்டா கோவப்படக் கூடாது.”

“படமாட்டேன்.”

“தினம் ஒரு வேளை இத நீங்க வந்து உங்க கையால போடணும். புல்லத் தேடி மட்டும் ஓடுனவன்னா கிழக்கால இருக்கிற ஏரிப்பக்கமும் ஓடிப் பாத்திருக்கலாம். அவ ஆத்தங்கரைக்கில்ல போனா. அங்க உங்களையும் தேடியிருப்பா மகாராசா.”

ராஜா நகைகளைக் கழற்றி யாரிடமோ கொடுத்தார். தட்டிலிருந்து ஒரு பிடி முளையைப் பிய்த்து, ஈர வேரோடு உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மழைக்காலத்துக் கரை வாசனை அடித்தது. நீலவேணி தின்றுவிட்டு, காலியான கையை நக்கிக்கொண்டே நின்றாள். அவர் கையை எடுக்கவில்லை.

அன்றைக்கு அரசவை கூடவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.