வாய் மூடிப் பாடும் வித்வான்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கார்குளம் சீமையை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் தனக்குப் பாட வரும் என்று நம்பினான். இல்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் சபையில் பாட உட்கார்ந்தான். அரண்மனையை ஒட்டிய ஏரியில் தவளைகளும் ஆரம்பித்தன. ராஜா குரலை ஏற்றினால் அவையும் ஏற்றின. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

சபையில் வல்லபராயர் என்று ஒரு பிரதானி. முகஸ்துதியே அவருக்கு உத்தியோகம். தவளைகள் மன்னரைக் கேலி செய்கின்றன, ஏரிக்கரையை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் தொல்லை தீரும் என்று தூபம் போட்டார். ராஜாவும் கோபத்தில் தலையாட்டிவிட்டான்.

ஏரிக்குக் கீழே அப்போதுதான் நடவு முடிந்திருந்தது. கரை உடைந்தால் ஊரே பட்டினி. செய்தி கேட்ட நடவுக்காரி ஒச்சாயி, கையில் ஒரு தவளையோடு, சேற்றுக் காலோடு சபைக்கு ஓடிவந்து கெஞ்சினாள்.

வல்லபராயர் விடவில்லை. அப்படியானால் எல்லாத் தவளைக்கும் வாயைக் கட்டிவிட்டு வா என்றார்.

"கட்டினாலும் கத்தும் சாமி. நீங்களே கட்டிப் பாருங்க. கத்தலேன்னா கரையை வெட்டிக்கலாம்" என்றாள் ஒச்சாயி.

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். சம்மதித்தான். பிரதானி நூலை எடுத்துத் தவளையின் வாயைச் சுற்றி முடிந்தார். விலாவைத் தொட்டால் அது கத்தும் என்று தெரிந்த ஒச்சாயி, அங்கே இரண்டு விரலை மெல்ல வைத்தாள். தொண்டைப் பை உப்பியது. கர் கர் என்று அது போட்ட சத்தத்தில் சபையே விழித்தது. மூச்சை வெளியே விடாமல், நெஞ்சுக்கும் வாய்க்குமாக ஓட்டிக்கொண்டே கத்தும் என்று அவள் விளக்கினாள்.

மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே! வாய்க்குள் குச்சி வைத்துத் திறந்தே வைக்கலாம் என்றார் வல்லபராயர். வாயை மூடித் தொண்டையை ஏற்றி இறக்கித்தான் அது மூச்சு பிடிக்கும், திறந்தே வைத்தால் செத்துப்போகும் என்றாள் அவள்.

"இந்தத் தவளை வித்வான் வாயைத் திறக்காமலே பாடுகிறான். நீர் வாயைத் திறந்தும் உமக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றான் ராஜா பிரதானியிடம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று வாயால் கெட்டது தவளை அல்ல.

ஒச்சாயி நூலை அவிழ்த்தாள். அவள் சேலையில் ஒட்டிவந்த வெட்டுக்கிளி ஒன்று தரையில் குதித்தது. தவளையின் முன்வாயில் வேர்விட்டு உள்பக்கம் மடிந்து கிடந்த நாக்கு, பசையோடு பாய்ந்து அதைச் சுருட்டியது. விழுங்கும்போது தவளையின் கண்கள் மூடி உள்ளே அமிழ்ந்தன.

"கண்ணை மூடி நன்றி சொல்கிறதோ?" என்று கேட்டான் ராஜா.

"இல்லீங்க மகாராசா. மேல்தாடையில எரையைப் பிடிச்சுக்கத்தான் பொடிப்பல்லு இருக்கு, மெல்ல முடியாது. கண்ணை அமுக்கித்தான் உள்ளே தள்ளும். நன்றி நாமதான் சொல்லணும். பயிரைத் திங்கிற பூச்சியை இதுதானே திங்குது."

ராஜா அவளுடைய சேற்றுக் கால்களைப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. கரை வெட்டும் உத்தரவை அங்கேயே ரத்து செய்து, தன் தோளிலிருந்த சால்வையை ஒச்சாயிக்குப் போர்த்தினான்.

அன்று சாப்பாட்டில் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் ராஜா கண்ணை மூடிக்கொண்டான். கண்ணில் தூசியா என்று பரிசாரகர் பதறினார்.

"தவளைக்கு விழுங்கக் கண்ணை மூட வேண்டியிருக்கிறது" என்றான் ராஜா. "எனக்கு, இது யார் போட்ட சோறு என்று நினைக்க."