துண்டுக்குள்ள மூணு வெரல்

மாட்டுச் சந்தையில நாச்சிமுத்துவ ஏமாத்தோணும்னா மாடே வாயத் தொறந்து பொய் சொன்னாத்தான் உண்டு. தரகு வேல. தூரத்துல மாடு நடந்து வரும்போதே வயசு சொல்லுவாரு. கிட்டப் போயி பல்லப் பிடிச்சுப் பாக்கறதெல்லாம் மாட்டுக்காரன் மனசு நோகக்கூடாதுன்னுதான்.

அதே ஆளு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம பவானியில நடக்கற பழங்காசு ஏலத்துக்குப் போயி உக்காந்தார்னா, கன்னுக்குட்டி. யாரு கயித்தப் பிடிச்சு இழுத்தாலும் பின்னாலயே போவாரு.

அவரு சேக்கறது காள போட்ட காசு மட்டுந்தான். பல்லவரு காலத்துக் காசுல காள நிக்குமல்ல, அது. லென்ச வெச்சுப் பாத்துட்டு, "திமிலு நல்லா ஏறியிருக்குது, பின்னங்காலு கொஞ்சம் சரியில்ல"ம்பாரு. காசு சேக்கறவங்க சங்கத்துல எல்லாரும் சிரிப்பாங்க. காச மாடு மாதிரி பாக்கறது தப்பில்ல. மாட்டு வெலையத் தூக்கி அதுக்குக் குடுக்கறதுதான் தப்பாப் போச்சு. ஒரு தடவ பக்கத்து நாற்காலிக்காரரு தும்முனாரு. அந்த ஆளு வெல ஏத்தறாருன்னு நெனச்சு இவரு ஐநூறு சேத்திக் கேட்டுட்டாரு. தும்முனவரு மூக்கத் தொடச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள ஏலம் முடிஞ்சு போச்சு.

இவருக்கு ஒரு குரு உண்டு. பேரு தெய்வசிகாமணி. பவானியில மூக்குக்கண்ணாடிக் கட. பழங்காசுல என்ன எழுதியிருக்குது, எந்த ராசா போட்டதுன்னு பாத்ததும் சொல்லுவாரு. வயசுல நாச்சிமுத்துவ விடச் சின்னவரு. இவரு அவர "குருவே"ம்பாரு. அவரு இவர "அண்ணா"ம்பாரு. புதுசாக் கேக்கறவங்களுக்கு யாரு யாருக்குச் சீடன்னு புடிபடாது.

ஒருநாள் நாச்சிமுத்து கடைக்குப் போனாரு.

"குருவே, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்ணா."

"ஏலத்துல உக்காந்தா என்ற கை தானா மேல போகுது. அத நிறுத்தறது எப்பிடி?"

தெய்வசிகாமணி ஒரு கண்ணாடிக்குத் திருகாணி போட்டுட்டு இருந்தாரு. நிமுரல.

"சந்தையில போகுதுங்களா?"

"அங்க எப்பிடிங்க போகும்? கை துண்டுக்குள்ளயல்ல இருக்கும்."

இப்ப நிமுந்தாரு. "அதென்ன துண்டு?"

"பாத்ததில்லீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கறேன். காட்டுங்க."

நாச்சிமுத்து தோள்ல கெடந்த துண்ட எடுத்தாரு. குரு கையப் பிடிச்சு, ரெண்டு கை மேலயும் துண்டப் போட்டு மூடுனாரு.

"மாடுன்னா ஒரு வெரலு பத்தாயிரம். ஆடுன்னா ஒரு வெரலு ஆயிரம். நான் உங்க வெரல எத்தன பிடிக்கறனோ அதான் நான் கேக்கற வெல. நீங்க திருப்பிப் பிடிச்சீங்கன்னா அது உங்க வெல. மேல வாயி மழையப் பத்திப் பேசிட்டே இருக்கோணும். கீழ வெரலு வெல பேசும்."

"மறுபடி பண்ணுங்க."

மறுபடி பண்ணுனாரு.

"இப்ப நான் கேக்கறேன், நீங்க ஆட்டுக்காரரு."

பேசுனாங்க. கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா, ரெண்டு பெரிய மனுசங்க துண்டுக்குள்ள கையக் கோத்துட்டு மழையப் பத்திப் பேசறதப் பாத்துட்டு, அப்பறம் வர்றேன்னு போயிருச்சு.

"எதுக்குங்ணா மூடோணும்?"

"நாலு பேரு பாத்தா மாட்டு வெல போயிருங்க குருவே. ஆளு வெல வந்துரும்."

தெய்வசிகாமணி கைய வெளிய எடுத்தாரு. திருகாணியத் தேடி எடுத்து மறுபடி போட ஆரம்பிச்சாரு.

"ஞாயித்துக்கெழம இந்தத் துண்டக் கொண்டாங்க."

"நான் கேட்டதுக்குப் பதிலு?"

"தொவச்சுக் கொண்டாங்க. மாட்டு வாசம் அடிக்குது."

ஞாயித்துக்கெழம வந்துது. கல்யாண மண்டபத்துலதான் ஏலம். மொத நாள் யாருக்கோ கல்யாணம் போல, மேடையில வாழமரம் இன்னும் சாஞ்சு நிக்குது. நாச்சிமுத்து வெள்ள வேட்டி, தொவச்ச துண்டோட வந்து குரு பக்கத்துல உக்காந்தாரு.

குரு ஏற எறங்கப் பாத்தாரு. "என்னங்ணா, வயிறு ஒரு பக்கமா மட்டும் பெருத்திருக்குது?"

"இடுப்புல முடிஞ்சிருக்கறனுங்க, பாவாயக்கா பணம்."

பாவாயக்கா நாச்சிமுத்து ஊருக்காரங்க. புருசன் இல்ல. ஒரே ஒரு கறவ மாடு, அந்தப் பால ஊத்தித்தான் வீடு நடந்துது. போன மாசம் அது செத்துப் போச்சு. காதுத் தோட்ட வித்து, அங்க இங்க கேட்டு, நாப்பதாயிரம் சேத்தி நாச்சிமுத்து கையில குடுத்திருக்கறாங்க. விடிஞ்சாச் சந்த. "நல்ல கறவையாப் பாத்துப் பிடிச்சுக் குடு தம்பி"ன்னு.

"அத ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

"வீட்ல வெக்கப் பயமா இருந்துது."

"திருடனுக்கா?"

"இல்ல. சும்மா."

"சும்மாவா?"

நாச்சிமுத்து மேல சுத்தற ஃபேனப் பாத்தாரு.

"உங்க பணம் எவ்வளவு இருக்குது?"

"நாலாயிரம். சட்டப் பையில தனியா வெச்சிருக்கறேன்."

ஏலத்துக்கு வந்த காச ஒரு தட்டுல வெச்சு, பாக்கறவங்க பாக்கட்டும்னு ஒவ்வொருத்தரு கைக்கும் அனுப்புனாங்க. செப்புக் காசு. காள நிக்குது. நாச்சிமுத்து லென்ச வெச்சாரு, எடுக்கவே இல்ல.

"நிக்கற நிப்பப் பாருங்க குருவே."

குரு துண்ட எடுத்து ரெண்டு பேரு கை மேலயும் போட்டாரு. நாச்சிமுத்துவோட வலது கை உள்ள போயிருச்சு.

"இங்க யாரும் இல்ல, நாம ரெண்டு பேருதான்னு வெச்சுக்கங்க. காசு என்னோடது. என்ன குடுப்பீங்க? ஒரு வெரலு ஆயிரம்."

அவ்வளவுதான், தரகரு வந்துட்டாரு. கண்ணு சுருங்கிருச்சு. "வாலு தேஞ்சிருக்குது. மூக்கு இல்ல. ஓரம் எலி கடிச்சாப்புல இருக்குது." குருவோட மூணு வெரலப் பிடிச்சாரு.

"அதுக்கு மேல?"

வெரலு அசையல.

சங்கத்துச் செயலாளரு மைக்கப் பிடிச்சாரு. அவரு ஏலம் விட்டா கோயில் நோன்புக்கு மைக் செட்டுக்காரன் சோதன பண்ற மாதிரியே இருக்கும்.

"ரெண்டாயிரம்ம்ம். ரெண்டாயிரத்துக்குக் காள கட்டுத்தறியில நிக்குதுங்கோஒஒ. அவுத்துட்டுப் போறது யாருங்கோஒஒ."

முன் வரிசையில ஒரு கோயமுத்தூர்க்காரரு. அவரு வாயத் தொறக்க மாட்டாரு, திரும்பிப் பாக்க மாட்டாரு. பேனாவ மட்டும் தூக்குவாரு. அந்தப் பேனாவப் பாத்தா யாருக்குமே ஒரு கடுப்பு வரும். நாச்சிமுத்துவுக்கு அது பேனாவாவே தெரியாது, மாடு முடுக்கற தாத்துக் குச்சியாட்டத் தெரியும்.

பேனா எந்திரிச்சுது. மூவாயிரம்.

நாச்சிமுத்துவோட எடது கை எந்திரிச்சுது. நாலாயிரம்.

கீழ குரு வெரல நீட்டுனாரு. இவரு மூணப் பிடிச்சாரு.

பேனா அஞ்சு. எடது கை ஆறு. கீழ மூணு.

பேனா எட்டு. எடது கை ஒம்பது. கீழ மூணு.

"அண்ணா," குரு காதுக்குள்ள கேட்டாரு, "சட்டப் பையி நாலுலயே தீந்து போச்சு. இப்பக் கேக்கறது யாரு?"

"பாவாயக்கா," வாயி தானாச் சொல்லுச்சு.

"அவங்களும் காசு சேக்கறாங்களா?"

"செத்த சும்மா இருங்க குருவே, அவன் பேனாவத் தூக்கறான்."

பன்னெண்டு. பதினாலு. மண்டபமே திரும்பி ஒரு தடவ பேனாவப் பாக்கும், ஒரு தடவ நாச்சிமுத்துவப் பாக்கும். பதினேழுல பேனா நின்னுது. நாச்சிமுத்து பதினெட்டுன்னாரு. பேனா மேல போகல. சட்டப் பைக்குள்ள போயிருச்சு.

"பதினெட்டாயிரம் ஒரு தரஅஅம். பதினெட்டாயிரம் ரெண்டு தரஅஅம்." செயலாளரு தண்ணி குடிச்சாரு. "மூணு தரம். நம்ம நாச்சிமுத்து அண்ணன் ஜெயிச்சுட்டாருங்கோஒஒ."

கைதட்டல். நாச்சிமுத்து மூஞ்சி தலதீவாளி மாப்பிள்ள மூஞ்சியாட்ட ஆயிருச்சு.

குரு மெதுவாத் துண்டத் தூக்குனாரு.

ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. நாச்சிமுத்து கை இன்னும் அந்த மூணு வெரலத்தான் இறுக்கிப் பிடிச்சுட்டு இருந்துது.

சுட்டாப்புல கைய எடுத்துட்டாரு.

சாப்பாட்டுக்கு முன்னாடி பணம் கட்டோணும். எடுத்துட்டு வேண்டாம்னு சொன்னா ஒரு வருசத்துக்குப் பேர வெட்டிருவாங்க, ஏலத்துப் பக்கமே வரக்கூடாது. அதான் சங்கத்து வழக்கம்.

காப்பி குடுத்தாங்க. நாச்சிமுத்து நேரா கோயமுத்தூர்க்காரருகிட்டப் போனாரு.

"ஏனுங்க, அந்தக் காச நீங்களே எடுத்துக்கறீங்களா? பதினேழுக்கே தந்தர்றேன்."

"எனக்கு எதுக்குங்க? நான் ரோமாபுரிக் காசுதான் சேக்கறது."

"அப்பறம் எதுக்குங்க பேனாவத் தூக்குனீங்க?"

"நீங்க விடல. மாட்டுத் தரகரு இத்தன அடம் பிடிக்கறாரு, அந்தக் காளையில நமக்குத் தெரியாத விசயம் ஏதோ இருக்குதுன்னு நெனச்சேன்." ஒரு வாயி காப்பி குடிச்சாரு. "நல்ல வேள, பதினெட்டுன்னு சொல்லி என்னயக் காப்பாத்துனீங்க."

நாச்சிமுத்து துண்ட விரிச்சாரு. "கையக் குடுங்க."

"எதுக்குங்க?"

"குடுங்க சொல்றேன். ஒரு வெரலு ஆயிரம். நாம ரெண்டு பேருதான். நெசமாவே அந்தக் காசுக்கு என்ன தருவீங்க?"

கோயமுத்தூர்க்காரரு அக்கம்பக்கம் பாத்தாரு. கைய உள்ள விட்டாரு. ரெண்டு வெரலப் பிடிச்சாரு. கொஞ்சம் யோசிச்சுட்டு, அதுல ஒண்ண விட்டுட்டாரு.

நாச்சிமுத்து திரும்பி வந்து குரு பக்கத்துல உக்காந்தாரு.

"வேண்டாம்னு சொன்னாப் பேர வெட்டிருவாங்க குருவே."

"ஆமாங்ணா."

"மைக்ல வேற சொல்லுவாங்க. அத்தன பேரும் சிரிப்பாங்க."

"நானும் சிரிப்பேன்."

"ஒண்ணு பண்ணலாமுங்க. என்ற நாலு போக, பாவாயக்கா பணத்துல பதினாலுதான் குறையும். மீதிக்குக் கொஞ்சம் வயசான மாடாப் பிடிச்சுக் குடுத்தறலாம். அந்தக்காவுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியப் போகுது?"

குரு துண்ட மடிச்சு மடியில வெச்சுட்டு இருந்தாரு.

"மாட்டப் பாத்ததும் அவங்க மொதல்ல என்னங்ணா கேப்பாங்க?"

"எத்தன லிட்டரு கறக்கும்னு கேப்பாங்க."

"சரி, நான்தான் பாவாயக்கா. எத்தன லிட்டரு கறக்கும் தம்பி?"

நாச்சிமுத்து வாயத் தொறந்தாரு. சந்தையில இந்தக் கேள்விக்கு ஆயிரம் தடவ பதில் சொன்ன வாயி. அத மூடிட்டு, குரு மடியில கெடந்த துண்டப் பாத்தாரு.

"நாச்சிமுத்து அண்ணன் எங்கிருந்தாலும் பணம் கட்ட வரவுங்கோஒஒ."

எந்திரிச்சுப் போனாரு. மேசைக்கு முன்னால நின்னாரு. காச ஒரு சின்னக் கவர்ல போட்டு ரெடியா வெச்சிருந்தாங்க. இவரு கை இடுப்புக்குப் போச்சு. முடிச்சத் தொட்டுப் பாத்துச்சு. அவுக்கல.

"எனக்கு வேண்டாமுங்க."

"என்னங்ணா?"

"வேண்டாமுங்க. என்னால முடியாது. பேர வெட்டிக்கங்க."

செயலாளரு அத மைக்லதான் சொன்னாரு. அவருக்கு மைக் இல்லாமப் பேசவே வராது. "நம்ம நாச்சிமுத்து அண்ணன் காளைய வேண்டாம்னுட்டாருங்கோஒஒ." மண்டபம் சிரிச்சுது. "மாட்டுக்குப் பல்லு சரியில்லீங்களா அண்ணா"ன்னு எவனோ பின்னால இருந்து கத்துனான். கோயமுத்தூர்க்காரரு கூடத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. குருவும் சொன்னபடி சிரிச்சாரு.

வெளிய வந்தாங்க. வாசல்ல ஒரே செருப்பாக் கெடந்துது. நாச்சிமுத்துவுக்குக் காது இன்னும் செவப்பாத்தான் இருந்துது. ஒரு செருப்பக் கண்டுபிடிச்சுட்டாரு, இன்னொண்ணு கெடைக்கல. தேடிட்டே கேட்டாரு.

"குருவே, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக்கூடாது."

"கேளுங்ணா."

"உள்ள என்ற வலது கைய மட்டுந்தான் பிடிச்சீங்க. உங்களுக்கு இன்னொரு கை சும்மாதான இருந்துது. அதுல என்ற எடது கையையும் பிடிச்சிருந்தா இத்தன பேரு சிரிச்சிருக்க மாட்டாங்கல்ல?"

தெய்வசிகாமணி அவரோட செருப்ப மாட்டிக்கிட்டாரு.

"சும்மா எங்கீங்ணா இருந்துது? அது என்ற பர்ச அமுக்கிப் பிடிச்சுட்டு இருந்துது."