களஞ்சியக் கதவில் ஒரு விருந்து

கேளுங்கள். முன்னொரு காலத்தில் மருதவூர் நாட்டை வில்லவரையன் என்று ஒருவன் ஆண்டான். அவனை மன்னன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, கதைக்காகச் சொல்கிறேன்.

கடல் தாண்டி வந்த வணிகர்கள் மேசையில் அமர்ந்து உண்பதை அவன் பார்த்தான். தனக்கும் ஒன்று வேண்டும், அதுவும் பழைய மரத்தில் வேண்டும் என்றான். இடிந்த வீடுகளின் உத்தரங்கள் நாட்டில் எத்தனையோ கிடந்தன. அவற்றை விட்டுவிட்டு, மூன்று ஊர்களின் விதைநெல் இருந்த களஞ்சியத்தின் கதவைப் பெயர்த்து வரச் செய்தான். நூறு வருட வேங்கை மரம் அது. மரம்தான் அவன் கண்ணில் பட்டது, உள்ளே இருந்த நெல் படவில்லை.

தச்சன் பெயர் ஆதன். பழைய மரத்தில் உளி வைக்குமுன், அதன் முந்தைய வேலை முடிந்ததா என்று உடையவரை மூன்று முறை கேட்பது அந்நாட்டுத் தச்சர்களின் வழக்கம்.

"இதன் வேலை முடிந்ததா?" என்று கேட்டான். முடிந்தது என்றான் மன்னன். மறுபடி கேட்டான். அதுதான் முடிந்தது என்றேனே என்றான். மூன்றாம் முறை கேட்டபோது, "உன் கதையையும் முடித்துவிடவா?" என்றான்.

ஆதன் கதவை அறுக்காமல் மேலாக இழைத்தான். நான்கு கால்களை ஆணி அடிக்காமல் மர முளைகளால் பொருத்தினான். கதவு சுழல்வதற்காக நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குடுமிகளையும் வெட்டாமல், அவற்றின்மேல் பித்தளைத் தாமரை மொட்டுகளை மாட்டிவிட்டான். மன்னன் அந்த மொட்டுகளைத் தடவித் தடவிப் பூரித்தான், மடையன்.

விருந்து நாளில் வணிகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேசை நிறையச் சோறும் கறியும் பரிமாறினார்கள். அப்போது வானம் கறுத்தது. களஞ்சிய வாசலிலோ ஒரு கோணிப் படுதாதான் தொங்கியது. ஒரு மழை உள்ளே அடித்தால் விதைநெல் எல்லாம் முளைத்துவிடும். அடுத்த வருடம் மூன்று ஊரும் பட்டினி.

ஆதன் சுத்தியலோடு உள்ளே வந்தான். ஒரு முளையைத் தட்டினான், இரண்டாவதைத் தட்டினான், மூன்றாவதைத் தட்டினான். நான்காவதற்கு வேலையே இல்லை. மேசை சரிந்து, குழம்பு முழுவதும் மன்னன் மடியில் கொட்டியது.

அவனைப் பிடிக்கச் சொல்லி மன்னன் கத்தினான்.

"மூன்று முறை கேட்டேன். ஒரு முறைகூட நீங்கள் உண்மை சொல்லவில்லை. இதன் வேலை இன்னும் முடியவில்லை" என்றான் ஆதன், கதவின் ஒரு முனையைத் தூக்கியபடி.

காவலர்கள் ஓடிவந்தார்கள். அவர்களும் அந்த மூன்று ஊர்க்காரர்கள்தான். மறுமுனையை அவர்கள் தூக்கிக்கொண்டார்கள். மொட்டுகளைக் கழற்றிக் குடுமிகளைப் பழைய குழிகளில் மாட்டினார்கள். முதல் துளி விழுமுன் கதவு பழைய இடத்தில் நின்றது.

ஊர்ச் சோற்றைக் காக்கும் கதவைப் பிடுங்கித் தன் சோற்றுக்கு மேசை போடுகிறவனுக்குக் கடைசியில் மேசையும் மிஞ்சாது, சோறும் மிஞ்சாது.