பாத்திரக் கம்பெனியின் சீருடைச் சட்டம்

தேங்கானூர் ஆட்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பலவிதமாகப் பேசுவார்கள். நான் அப்படியெல்லாம் பேசப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் கல்யாணம், காதுகுத்துக்கு அண்டா குண்டா வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று உண்டு. முன்னால் ஆபீஸ், பின்னால் கோடவுன். வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர்: மேனேஜர் பால்வண்ணம், டைப் அடிக்கும் பெண்மணி பரிபூரணம், கோடவுனைப் பார்த்துக்கொள்ளும் சுடலையாண்டி. மூவரும் பத்தரை மாற்றுத் தங்கம். சொன்ன சொல்லுக்கு இந்தப் பக்கமும் போக மாட்டார்கள், அந்தப் பக்கமும் போக மாட்டார்கள். டவுனில் இருக்கும் முதலாளி தவசிராஜன் ஒருமுறை ஆபீஸுக்குப் பேசும்போது, "போனை வைக்காதேயும், இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனார். பால்வண்ணம் ஒன்றரை நாள் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சுடலையாண்டி வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்படியிருக்க, முதலாளி ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டார். அங்கே கதவு திறந்துவிடுகிற ஆளிலிருந்து கை கழுவத் தண்ணீர் காட்டுகிற ஆள் வரை எல்லோரும் ஒரே கலரில் நின்றார்கள். நம் கம்பெனி ஆட்களும் அப்படி நின்றால் என்ன என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் தேங்கானூருக்கு ஒரு பார்சலும் ஒரு சுற்றறிக்கையும் வந்து இறங்கின. பார்சலில் காப்பிக் கலரில் சட்டை, பேண்ட், சேலை. சுற்றறிக்கையில் மூன்று விதிகள்.

திங்கட்கிழமை முதல் சீருடை அணியாத எவரும் ஆபீஸுக்குள் நுழையக் கூடாது. சீருடை கம்பெனிச் சொத்து, அது ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது. சீருடையில் உள்ளே இருப்பவர் மாலை ஐந்து மணிக்கு முன்னால் வெளியே வரக் கூடாது. மீறுகிறவருக்கும் மீற விடுகிறவருக்கும் வேலை போகும்.

"நாம என்ன உடுத்தணும்னு முதலாளி சொல்லலாமாவே?" என்று சுடலையாண்டி ஆரம்பித்தார். அவர் கட்டம் போட்ட கைலியைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

"சம்பளம் குடுக்காரு, துணியும் குடுக்காரு. சொன்னா என்ன?" என்றார் பால்வண்ணம்.

"அப்படிப் பார்த்தா எனக்குச் சோறு போடுதது என் வீட்டுக்காரி. அவ சொல்லுததைத்தான நான் உடுத்தணும்?"

"அவ என்ன சொல்லுதா?"

"எதையாவது உடுத்தித் தொலையும்னு சொல்லுதா."

மூவரும் இதை நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் பரிபூரணம் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். "சார், மேசைக்கு மேல தெரியுதது கம்பெனிக்குச் சொந்தம். மேசைக்குக் கீழ இருக்கிறது நமக்குச் சொந்தம். பாதிப் பாதி."

"எனக்கு மேசையே கிடையாதே" என்று சுடலையாண்டி கவலைப்பட்டார்.

"அப்ப நீங்க முழுசா கம்பெனிக்குத்தான், அண்ணாச்சி."

பிரச்சினை தீர்ந்தது. சீருடை வெளியே போகக் கூடாது என்பதால் மூன்று பேரும் அதை ஆபீஸ் மேசை மேலேயே மடித்து வைத்தார்கள். கதவைப் பூட்டினார்கள். சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பால்வண்ணம் கதவைத் திறந்து வலது காலைத் தூக்கினார்.

"சார், கால்!" என்று அலறினார் பரிபூரணம்.

பால்வண்ணம் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிறுத்தினார். பரிபூரணம் கைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து முதல் விதியை வாசித்தார். பால்வண்ணம் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த காப்பிக் கலர் சட்டையைப் பார்த்தார். காலை மெதுவாக வெளியே வைத்தார்.

"சீருடை போட்டாத்தான் உள்ள போகணும். உள்ள போனாத்தான் சீருடை போடணும்" என்றார் சுடலையாண்டி. "முதலாளி நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்காரு. எங்கேயும் ஓட்டை இல்ல."

ஒன்பது மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஆவுடையம்மாள் இறங்கினார். அன்று சாயங்காலம் அவர் மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. நானூறு இலை. சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை காய்கறியெல்லாம் நறுக்கி முடித்துவிட்டு, வேக வைக்க அண்டா இல்லாமல் அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதியத்துக்குள் அண்டா போய்ச் சேராவிட்டால் சம்பந்தி வீட்டுக்குப் பச்சைக் கத்திரிக்காயைத்தான் பரிமாற வேண்டும்.

"கோடவுன் சாவி எங்க மேனேஜர் சார்?"

"அந்தா, ஆணியில தொங்குதே" என்று பால்வண்ணம் வாசலில் நின்றபடியே மரியாதையாகக் கை காட்டினார். எட்டு அடி வைத்தால் எடுத்துவிடலாம்.

"எடுங்களேன்."

விஷயத்தைச் சொன்னார்கள். ஆவுடையம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது விளங்கியது, ஆனால் நம்பவில்லை. "நான் போய் எடுத்துக்கிடுதேன்" என்று விறுவிறுவென்று நடந்தார். சுடலையாண்டி வாசலுக்குக் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, உங்களை விட்டா எங்க மூணு பேருக்கும் வேலை போயிரும். புள்ளகுட்டிக்காரன்."

"எம் பொண்ணு கல்யாணம்யா!" ஆவுடையம்மாளுக்குக் குரல் உடைந்துவிட்டது. நிஜமாகவே அழுதார். அதைப் பார்த்துப் பரிபூரணமும் அழுதார். அவர்கள் மூளையைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மனசைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாது.

சுடலையாண்டி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியை வாங்கிவந்தார். ஜன்னல் கம்பி வழியாக அதை உள்ளே விட்டு, ஒரு சட்டையை மாட்டி ஜன்னல் ஓரம் வரை இழுத்தார். வெளியே எடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே பால்வண்ணம் இரண்டு கைகளையும் கம்பி வழியாக உள்ளே நீட்டி, உள்ளே வைத்தே சட்டையின் கைகளில் நுழைத்துக்கொண்டார்.

"இப்ப நான் சீருடையில இருக்கேனா, இல்லையா?"

பரிபூரணம் உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் பார்த்தார். "கை ரெண்டும் இருக்கு சார். நீங்க இல்ல."

"அப்ப கை வேலைக்கு வந்தாச்சு" என்றார் பால்வண்ணம். ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் இருந்த வருகைப் பதிவேட்டை எட்டி எடுத்து, கைகள் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்து அந்தக் காலைப் பொழுதில் நடந்த ஒரே ஆபீஸ் வேலை அதுதான்.

ஆனால் சாவி எதிர்ச் சுவரில் இருந்தது. கை அவ்வளவு நீளம் இல்லை.

"அந்தத் துரட்டியால சாவியை மாட்டி இழுங்களேன்!" என்றார் ஆவுடையம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சாவி எடுக்கிறது கம்பெனி வேலை, அம்மா" என்று பால்வண்ணம் பொறுமையாக விளக்கினார். "துரட்டிக்குச் சீருடை இல்லையே."

அப்படியானால் சட்டையை எடுக்க அது எப்படி உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் அரை மணி நேரம் போயிருக்கும்.

மூவரும் கூடிப் பேசினார்கள். துரட்டியை மறுபடி உள்ளே விட்டு, பால்வண்ணத்தின் கைகளாலேயே அந்தச் சட்டையை அதற்குப் போட்டுவிட்டார்கள். கழுத்துப் பொத்தானையும் போட்டார்கள். துரட்டிக்குச் சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, மற்றபடி குறை சொல்ல முடியாது. அது எதிர்ச் சுவர் வரை போய், ஆணியிலிருந்து சாவியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. ஆவுடையம்மாள் கும்பிட்டார். சுடலையாண்டி இழுக்க ஆரம்பித்தார். சாவி ஜன்னலுக்கு ஒரு சாண் தூரம் வரை வந்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்றார் பரிபூரணம். சுற்றறிக்கையை மறுபடி விரித்தார். "மூணாவது விதி. சீருடையில இருக்கிறவங்க அஞ்சு மணிக்கு முன்னால வெளிய வரக் கூடாது."

சுடலையாண்டி துரட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினார். அது சாவியோடு போய் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டது.

முதலாளிக்குப் போன் போடலாம் என்று மூவருக்கும் தோன்றவில்லை, போடச் சொல்லி யாரும் சொல்லாததால். போர்டில் இருந்த முதலாளி நம்பரைப் பார்த்து ஆவுடையம்மாளே போட்டார். அவர் என்ன பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது. ஒரு மணி நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது.

வேட்டி சட்டையில் இறங்கி நேராக வாசலுக்கு வந்த முதலாளியை மூவரும் கைகோத்து மறித்தார்கள்.

"அண்ணாச்சி, சீருடை?"

"லே, அது நான் போட்ட சட்டம்லே!"

"அதனாலதான் அண்ணாச்சி இவ்வளவு மரியாதையா மறிக்கோம்."

"சரி, நான் அதை ரத்து பண்ணுதேன்!"

"எழுத்துல குடுங்க அண்ணாச்சி. லெட்டர்பேடும் முத்திரையும் உள்ள இருக்கு."

முதலாளி ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். பிறகு சுடலையாண்டியின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே பாய்ந்தார். துரட்டியிடமிருந்து சாவியைப் பிடுங்கினார். வெளியே வந்து ஆவுடையம்மாள் கையில் வைத்தார். அண்டா, குண்டா, கரண்டி, வடிதட்டு எல்லாம் பத்து நிமிஷத்தில் குட்டியானையில் ஏறின. வண்டி போன வேகத்தில் ஒரு கரண்டி தெருவில் விழுந்தது. ஆவுடையம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பால்வண்ணம் முதலாளிக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அண்ணாச்சி, இருபது வருஷமா உங்க உப்பைத் தின்னிருக்கோம். சொல்லவே மனசு வரல. சீருடை இல்லாம உள்ள போயிட்டீக. விதிப்படி உங்க வேலை போச்சு."

"எனக்கு ஏதுவே வேலை? நான் முதலாளிலா!"

மூவரும் தள்ளிப்போய்க் கலந்து பேசினார்கள். வேலை இல்லாதவரை வேலையிலிருந்து நீக்க வழியில்லை என்று முடிவாயிற்று. "இத்தனை வருஷமும் வேலை இல்லாமலா இருந்திருக்காரு, பாவம்" என்று பரிபூரணம் வருத்தப்பட்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு அமர்க்களமாக நடந்தது. நானூறு இலையும் நிறைந்தது. ஆவுடையம்மாள் நல்ல மனசுக்காரி, மூன்று பேரையும் கூப்பிட்டு முதலாளிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பரிமாறினார். மூன்று கரண்டி பாயசம் உள்ளே போனதும் முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. அடுத்தவர் உடம்பில் என்ன துணி இருக்க வேண்டும் என்று நாம் ஏன் சொல்லப் போனோம் என்று தன்னைத் தானே நொந்துகொண்டார்.

"இந்தா பாருங்க" என்றார். "சட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளையிலேருந்து உங்களுக்கு எது பிடிக்குமோ அதை உடுத்திக்கிட்டு ஆபீஸுக்கு வாங்க. பிடிச்சதை மட்டும்தான் உடுத்தணும். என்ன?"

"சரி அண்ணாச்சி" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி ஆபீஸுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பால்வண்ணத்தின் செல்லுக்குப் போட்டார்.

"ஏன்வே ஆபீஸ் போனை எடுக்கல?"

"வெளிய நிக்கோம் அண்ணாச்சி."

"எதுக்குவே?"

"சுடலையாண்டிக்குப் பிடிச்ச கைலி கொடியில காயுது. பரிபூரணத்துக்கு நேத்துப் பொண்ணு கட்டியிருந்த அரக்குப் பட்டுதான் பிடிச்சுதாம், கேட்டு வாங்க மண்டபத்துக்குப் போயிருக்கா."

"நீரு உள்ள போக வேண்டியதுதான? உமக்கு என்னவே கேடு?"

பால்வண்ணம் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு வெட்கத்தோடு சொன்னார்:

"எனக்கு அந்தக் காப்பிக் கலர் சட்டைதான் பிடிச்சிருக்கு, அண்ணாச்சி. அது உள்ள இருக்கு. அதைப் போடாம நான் எப்படி உள்ள போறது?"