ஊருக்குப் போனதாகச் சொல்லப்பட்டவர்

கனடாவின் ஸ்காபுறோவில், சலவைக் கடை ஒன்றின் மேல்மாடியில், ஞாயிறுதோறும் சிலர் கூடித் தியானம் பயின்றனர். அவர்களுக்கு ஆசிரியராய் அமைந்தவர் சிவயோகம் அம்மையார். வயது நாற்பத்தெட்டு, வாரநாள்களில் பாடசாலை பஸ் ஓட்டுபவர். சீடர்களுள் மூத்தவர் பஞ்சலிங்கம். ஆசிரியரினும் பதினாறு ஆண்டு பெரியவர்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், பஞ்சலிங்கம், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாப் பொட்டலங்களைக் கொணர்ந்து எல்லோருக்கும் பகிர்ந்தார். இரண்டு மாதமாக யாழ்ப்பாணத்தில் தமக்கையோடு தங்கியிருக்கும் தம் மனைவி கோமளேஸ்வரி அனுப்பியது என்றார்.

திலகம் என்னும் பெண்மணி பொட்டலத்தை அவிழ்த்து முகர்ந்தார்.

“இதெல்லோ மா! இஞ்சைக் கடையிலை விக்கிறது வெறும் மரத்தூள்.”

“கோமளக்கா அங்கையே நிண்டிடுவா போலை,” என்றார் இன்னொரு சீடரான கதிரேசு. “அண்ணையின்ரை சமையலுக்குப் பயந்துதான்.”

எல்லோரும் சிரித்தனர். பஞ்சலிங்கமும் சிரித்தார்.

கூட்டம் கலைந்தது. பஞ்சலிங்கம் மட்டும் எழாமல் ஆசிரியரை நோக்கினார்.

“அம்மா, அந்த மா இஞ்சைக் கடையிலை வாங்கினது. லேபிளைக் கிழிச்சுப்போட்டுக் கட்டினனான்.”

“அப்ப கோமளக்கா?”

“ஊருக்குப் போகேல்லை. ஆஸ்பத்திரியிலை.”

“என்ன வருத்தம்?”

பஞ்சலிங்கம் எழுந்து சென்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மனந்தான். சாப்பாடில்லை, நித்திரையில்லை. சுவரைப் பாத்தபடி இருப்பா. ‘நான் இருந்து ஆருக்குப் பிரயோசனம்’ எண்டு ஒருநாள் கேட்டா. பயந்துபோய்க் கொண்டுபோய்ச் சேர்த்தன். மருந்தாலை உடம்பு ஊதி, கை நடுங்குது. புதன்கிழமை வீட்டுக்கு விடுகினம்.”

“நல்ல செய்தியெல்லோ?”

“எங்கை அம்மா! ஊர்ப் புதினம் கேக்கச் சனம் வரும். அவவுக்கு என்னத்தைச் சொல்லிப் பழக்கிறது? அதைக் கேக்கத்தான் நிண்டனான்.”

ஆசிரியர் தம் பொட்டலத்தை ஓரமாக வைத்தார்.

“உங்கடை நெஞ்சு ஒப்பரேசனுக்கு எத்தினை பேர் பாக்க வந்தவை?”

“ஐயோ, கணக்கில்லை. நேர்ஸ் சண்டை பிடிச்சவ. சூப் மட்டும் ஒரு குளம் நிரம்பும்.”

“கோமளக்காவைப் பாக்க?”

“நானும் மகளும்.”

“அவ ஒண்டும் கேக்கேல்லையோ?”

பஞ்சலிங்கம் மேல்துண்டின் நுனியைச் சுருட்டினார்.

“கேட்டா. ‘நான் சனத்துக்கு என்ன பிழை செய்தனான், ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை’ எண்டா. எல்லாரும் லீவிலை போயிட்டினம் எண்டு சொன்னன்.”

“போன்?”

“என்னட்டை. வாற மெசேச்சுக்கு நான்தான் பதில் போடுறன். அவ எழுதுறமாதிரி.”

“ஏன் அண்ணை இவ்வளவு பாடு?”

“மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. தாய்க்கு இப்பிடி எண்டு தெரிஞ்சா, பரம்பரையிலை இருக்கோ எண்டு கேப்பினம்.”

“மகள் என்ன சொல்லுறா?”

“‘அம்மாவை ஒளிச்சு வைச்சுத்தான் கலியாணம் எண்டால் எனக்கு வேண்டாம்’ எண்டு கத்துறாள். சின்னப் பிள்ளை, உலகம் தெரியாது.”

“வயதென்ன?”

“முப்பத்தொண்டு.”

ஆசிரியர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அதில் அவரை அமரச் செய்தார். தாம் எதிரே நின்றார்.

“பழக்கிப் பாப்பம். நீங்கள் கோமளக்கா. நான் திலகம்.” இடுப்பில் கையை ஊன்றினார். “எடி கோமளம்! எப்ப வந்தனீ?”

பஞ்சலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. “நேற்றுத்தான்.”

“ஏனடி ஒருநாளும் குரலிலை கதைக்கேல்லை? எழுத்து மட்டும் அனுப்பினாய்.”

“அங்கை... லைன் சரியில்லை.”

“உன்ரை அக்காவின்ரை முழங்கால் எப்பிடி?”

“பரவாயில்லை.”

“கோயில் தேருக்கு நிண்டனியோ?”

“நிண்டனான்.”

“நேரலையிலை உன்னைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போச்சு. எந்தப் பக்கம் நிண்டனீ?”

“பின்னுக்கு.”

“ஏனடி இப்பிடி ஊதிப்போனாய்?”

“ஊர்ச் சாப்பாடு.”

“கை ஏன் நடுங்குது?”

பஞ்சலிங்கம் தம் கையைப் பார்த்தார். அது நடுங்கவில்லை. நடுங்குவது மனைவியின் கை; புதிய மருந்தினால் சில காலம் அப்படி இருக்கும் என்று தாதி சொல்லியிருந்தார்.

“குளிராக்கும்.”

“ஆவணி மாதத்திலையோடி?”

அவர் கதிரையைவிட்டு எழுந்தார்.

“போதும் அம்மா.”

“திலகம் முதல் ஆள்தானே, அண்ணை. பின்னாலை கதிரேசுவின்ரை மனுசி நிக்கிறா.”

“போதும் எண்டன்!”

ஆசிரியர் கதிரையொன்றில் அமர்ந்தார். கீழே சலவை இயந்திரங்கள் சுழலும் ஓசை கேட்டது.

“அறிஞ்சால் சனம் ஒதுக்கிப்போடும் அம்மா,” என்றார் பஞ்சலிங்கம், தணிந்த குரலில். “உங்களுக்குத் தெரியாததோ? ஒரு கொண்டாட்டத்துக்கும் கூப்பிடாயினம். அவ தனிச்சுப் போவா.”

“இப்ப ஆரோடை இருக்கிறா?”

பஞ்சலிங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நாளைக்கு நானும் வாறன்,” என்றார் ஆசிரியர். “நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவைச்சதை அவவுக்குச் சொல்லுங்கோ. சனத்துக்கு அறிவிக்கிறதோ, விடுறதோ, அது அவவின்ரை விருப்பம். ஆனால் தெரிஞ்சுகொண்டு விரும்பட்டும்.”

“சொல்லுறன்,” என்றார் பஞ்சலிங்கம்.

மறுநாள் மாலை இருவரும் ஆஸ்பத்திரிக்குச் சென்றனர். மின்தூக்கியில் ஏறும்போது பஞ்சலிங்கத்தின் உதடுகள் அசைந்தன. சொல்லவேண்டியதை அவர் தமக்குள் ஒத்திகை பார்த்தார்.

கோமளேஸ்வரி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காலடி ஓசைக்குத் திரும்பவில்லை.

“ஆர் வந்திருக்கினம் எண்டு பாரும்,” என்றார் பஞ்சலிங்கம்.

கோமளேஸ்வரி திரும்பினார். ஆசிரியரைக் கண்டதும் பதைத்து எழுந்து, நடுங்கும் கையால் தலைமயிரைக் கோதினார். பின்னலை முன்னே எடுத்துவிட்டார்.

“அம்மா! நீங்களோ! இஞ்சாருங்கோ, அம்மாவுக்குக் கதிரை எடுத்துப் போடுங்கோவன். பேயன் மாதிரி நிக்கிறார்.”

பஞ்சலிங்கம் கதிரையைக் கொணர்ந்தார். ஆசிரியர் அமர்ந்து, கோமளேஸ்வரியின் கையைத் தம் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். பிறகு பஞ்சலிங்கத்தை நோக்கினார்.

பஞ்சலிங்கம் சன்னலை நோக்கினார். “வெளியிலை மழைக்குணமாக் கிடக்கு,” என்றார்.

ஆசிரியர் காத்திருந்தார்.

“றோட்டிலையும் சரியான சனம்,” என்றார் பஞ்சலிங்கம்.

கோமளேஸ்வரி ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க விரும்பிய ஒன்றைக் கேட்க அஞ்சுபவர்போல இருமுறை வாயெடுத்து நிறுத்தினார். மூன்றாம் முறை கேட்டுவிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமையிலை... என்னைப் பற்றி ஆரும் கேட்டவையோ அம்மா?”

ஆசிரியர் மீண்டும் ஒருமுறை பஞ்சலிங்கத்தைப் பார்த்தார். அவர் சன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

“எல்லாரும் கேக்கினம், கோமளக்கா,” என்றார் ஆசிரியர். “கிழமைக்குக் கிழமை கேக்கினம். யாழ்ப்பாணத்திலை நீங்கள் எப்பிடி இருக்கிறியள் எண்டு.”